மரத்தடியில நிக்காதே, மாப்ளே

மாப்ளே, உன்ற விசிட்டிங் கார்டைக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சேன். பேருக்குக் கீழ ஏஞ்சல் இன்வெஸ்டர், எழுத்தாளர், வாசகர், மாரத்தான் ஓட்டக்காரர், இயற்கை விவசாயி. அஞ்சு உத்தியோகம்! உன்ற அப்பாரு கேரள எல்லையோரத்து இந்த எருத்தேன்பதிக் கரிசல்ல காலம்பூரா நிலக்கடலை போட்டாரு. அவருக்கு இருந்தது ஒரே கார்டு, ரேஷன் கார்டு. அதுலயும் மலையாளத்துல பேரைத் தப்பா எழுதிப்போட்டாங்க. நீ பெங்களூர் பால்கனியில கறிவேப்பிலைத் தொட்டி வெச்சுட்டு விவசாயின்னு அச்சுப் போட்டுட்டே. போகட்டும், கறிவேப்பிலையும் வெள்ளாமைதான்.

கோவிச்சுக்காதே. தங்கச்சி மகனைக் கேலி பண்ண மாமனுக்கு முறை இருக்குது. அதுவும் நீ பணம் போட்ட அந்தத் தென்னை ஏறுற மெஷின் கம்பெனிப் பையன் நம்ம தோப்புல வந்து தங்கி, என்ற சாளையில சோறு தின்னுட்டு, வெசனத்தைப் பூராக் கொட்டிட்டுப் போனதுக்கப்பறம் மாமன் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா?

அவன் சொன்னதை அப்படியே சொல்றேன். "மாமா, அண்ணன் பணம் குடுத்ததுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. அண்ணன் புஸ்தகம் படிக்கிறதுதான் கஷ்டமா இருக்குது." நீ அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் புஸ்தகம் படிச்ச மாசம் அவன் ஆளுங்க எல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கு மீட்டிங்குக்கு எந்திரிச்சாங்களாம். ஜப்பான்காரன் புஸ்தகம் படிச்ச மாசம் பட்டறையில இருந்த ஸ்பேனரையெல்லாம் கலர் கலரா அடுக்கச் சொன்னியாம். ஸ்டோயிக் தத்துவம் படிச்ச மாசம் மெஷின் மரத்துல பாதியில சிக்கிக்கிச்சு. போன் பண்ணினா, நம்ம கையில இல்லாத விஷயத்துக்கு வருத்தப்படக் கூடாதுன்னு சொன்னியாமே? மெஷின் அவன் கையிலதான் இல்லே, முப்பதடி மேல இருந்துச்சு. சரிதான்.

இதைக் கேட்டப்ப எனக்கு நம்ம தோப்புதான் ஞாபகம் வந்துச்சு. அக்கட்டால தமிழ்நாட்டுல 1987-லருந்து கள்ளுக்குத் தடை. இக்கட்டால நம்ம சித்தூர்த் தாலூக்காக் கள்ளு வண்டியேறிக் கேரளம் பூராப் போகுது. மரம் நம்மளது, ஏறுறது கள்ளு எறக்கறவங்க. விரியாத பாளையைப் பார்த்துக் கட்டணும். தட்டணும். ஓங்கித் தட்டினாப் பாளை கன்னிப் போயிரும், ஒப்புக்குத் தட்டினாச் சொட்டாது. நுனியைச் சீவறதுக்கும் ஒரு கணக்கு இருக்குது. கை மட்டுந்தான் அறியும் அந்தக் கணக்கை. ஏறுறவரைக் கேட்டா அவருக்கே சொல்லத் தெரியாது. தோப்புக்காரங்கள்ல ரெண்டு வகை பார்த்திருக்கேன். ஒருத்தன் மரத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போயிருவான். இன்னொருத்தனுக்குச் சோலி இல்லே. மரத்தடியில வந்து அண்ணாந்து நிப்பான். "இன்னும் சித்தெ தட்டப்பா, எடதுபக்கமாச் சீவப்பா"ன்னு பேசிக்கிட்டே இருப்பான். மேல இருக்கறவன் கையில அருவா. கீழ நிக்கிறவன் வாயில கருத்து.

நீ ரெண்டாவது ஆளு, மாப்ளே.

அதனாலதான் சொல்றேன்: பணம் போடறவனுக்குச் சொந்தமா ஒரு கிறுக்கு வேணும். எழுத்தோ, படிப்போ, ஓவியமோ, கிணறு வெட்டறதோ, என்னமோ ஒண்ணு. அவன் மனசு விரியறதுக்கு வேணும்னு உன்ற பாட்காஸ்ட்காரங்க சொல்லுவாங்க. நான் அதுக்காகச் சொல்லலே. மரத்து மேல இருக்கறவனுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும்னு சொல்றேன்.

நீ காலையில எந்திரிச்சதும் கும்புடற ஆள் பால் கிரகாம். அவரைப் பத்தி உன்ற அக்கா மகள் எனக்குத் திண்ணையில உட்கார்ந்து படிச்சுப் படிச்சுச் சொன்னா. சித்தூர் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறவ, நல்லாப் புரியும்படி சொன்னா. அந்த மனுஷன் ஹார்வர்டுல கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டம் வாங்கிட்டு, படம் வரையப் படிக்கறேன்னு இத்தாலியில ஃப்ளோரன்ஸ் வரைக்கும் போனவராம். நம்ம ஊட்ல அப்படி யாராச்சும் கிளம்பியிருந்தா கோடாங்கிக்காரனைக் கூட்டியாந்து வேப்பிலை அடிச்சிருப்போம். அப்பறம் 1995-ல சினேகிதனோட சேர்ந்து வயாவெப்னு ஒரு கம்பெனி போட்டு, 1998-ல அதை யாஹூவுக்கு வித்து, 2005-ல ஒய் காம்பினேட்டர் ஆரம்பிச்சாரு. ரெட்டிட், டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி எல்லாம் அந்தப் பட்டறையில பொறந்த குட்டிங்க. இது வரைக்கும் நீ தலைகீழாச் சொல்லுவே.

அதுக்கப்பறம் நடந்ததைச் சொல்லு பார்ப்போம். 2014-ல தலைமைப் பொறுப்பைச் சாம் ஆல்ட்மன் கையில குடுத்துட்டு ஆள் என்ன பண்ணினாரு? படம் வரைஞ்சாரு. மாசக்கணக்கா வரைஞ்சு, ஒரு படத்தைப் பாதியில விட்டுட்டு, கட்டுரை எழுதினாரு. 2015-ல இருந்து 2019 வரைக்கும், நாலு வருஷத்துக்கு மேல, லிஸ்ப்ங்கிற கம்ப்யூட்டர் மொழியை எடுத்து வெச்சு நோண்டிக்கிட்டிருந்தாரு. லிஸ்ப் 1958-ல ஜான் மெக்கார்த்தி ஆரம்பிச்சது. கம்ப்யூட்டர் உலகத்துல அது நம்ம கொழிஞ்சாம்பாறைச் சந்தையை விடப் பழசு. அதுல பெல்னு ஒரு புது மொழியைக் கட்டினாரு. அதை அதுக்குள்ளயே எழுதினாராம். எனக்கு அது புரியலே; உன்ற அக்கா மகளுக்கும் பாதிதான் புரிஞ்சுதாம். புரிஞ்சது ஒண்ணு: விக்கிறதுக்காக அவரு அதைச் செய்யலே. பிள்ளைங்க கடற்கரைக் குட்டையில விளையாடறதைப் பார்த்துக்கிட்டே நின்னப்ப ஒரு முடிச்சு அவுந்துச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. அந்த வேலை ஓடின காலத்துல பெரும்பாகம் கட்டுரை எழுதறதுக்குக்கூடத் தனக்குத் தானே தடை போட்டுக்கிட்டாராம்.

நாலு வருஷம், மாப்ளே! அத்தனை காலம் எத்தனை கம்பெனிப் பையனுங்க போன் அடிக்காம நிம்மதியா வேலை பார்த்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாரு. நீ அவரு எழுதினதுல ஆளை எப்படி எடை போடறதுங்கற பக்கத்துக்குத்தான் மஞ்சக்கோடு போட்டிருக்கே. லிஸ்ப் வர்ற பக்கம் மடிப்புக் கலையாமப் புதுசா இருக்குது.

"மாமா, எனக்குந்தான் கிறுக்கு இருக்குதே"ன்னு நீ சொல்லுவே. இருக்குது. கிறுக்கு இருந்தாப் போதாது, அது அடுத்தவன் தலையில ஏறாம இருக்கணும். வாரன் பஃபெட்டோட கூட்டாளி சார்லி மங்கர்னு ஒருத்தர் இருந்தாரில்ல, நீ அவரு படத்தை மாட்டி வெச்சிருக்கியே, அவரேதான். படிப்பாளி, புத்திசாலி, நான் ஒண்ணும் சொல்லலே. அவருக்கு வீடு கட்டற கிறுக்கு. கலிபோர்னியாவுல சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் தர்றேன், நான் போட்ட படத்தை மாத்தாமக் கட்டணும்னாரு. பதினோரு மாடி, 4,500 பிள்ளைங்க, படுக்கற அறையில பெரும்பாலானதுக்கு ஜன்னலே கிடையாது. 2021-ல அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யோசனை சொல்லிக்கிட்டிருந்த கட்டிடக்கலைக்காரர் டென்னிஸ் மெக்ஃபேடன், இதை என்னால ஏத்துக்க முடியாதுன்னு விலகிட்டாரு. 2023-ல திட்டத்தையே கைவிட்டாங்க. தொண்ணூறு தாண்டின கிழவன் பொழுதுபோக்குக்குப் பதினெட்டு வயசுப் பிள்ளைங்க ஜன்னலில்லாமப் படுக்கணுமா? அப்படி ஒரு அறையில அவரு ஒரு ராத்திரி படுத்திருந்தா நானும் ஒத்துக்குவேன்.

உனக்கு வெளிநாட்டு ஆளுங்களைச் சொன்னாத்தான் காதுல ஏறும்னு அங்கிருந்து ஆரம்பிச்சேன். இப்ப வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வா.

கோயமுத்தூர்ல ராபர்ட் ஸ்டேன்ஸ்னு ஒரு துரை. 1858-ல பையனா வந்தவரு. காப்பி, மில்லுன்னு பெரிய முதலாளி ஆனாரு. ஆனா 1862-ல, இருபத்தொரு வயசுல, ஏழைப் பிள்ளைங்களுக்குக் காலை ஆகாரம் போட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. இப்பவும் இருக்குது ஸ்டேன்ஸ் பள்ளிக்கூடம். நம்ம ஜி.டி. நாயுடு 1920-ல பொள்ளாச்சியில இருந்து பழனிக்கு ஒத்தை பஸ் விட்டாருல்ல, அந்த பஸ் வாங்கக் கைகுடுத்தது இந்தத் துரைதான். உங்க பாஷையில ஏஞ்சல் இன்வெஸ்டர். துரை அந்த பஸ்ஸுல ஏறி டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து ஹாரனை இப்படி அடி, அப்படி அடின்னு சொன்னதா நான் கேள்விப்பட்டதில்லே. அவருக்குத்தான் பள்ளிக்கூடம் இருந்துச்சே.

நாயுடு பஸ் முதலாளியாவே இருந்திருக்கலாம். அந்த மனுஷன் சவரக்கத்தி செஞ்சாரு, பருத்திச் செடியில வித்தை காட்டினாரு, பப்பாளியைக் குடைஞ்சாரு, கேமராவைத் தூக்கிக்கிட்டு ஐரோப்பா பூராச் சுத்திப் படம் புடிச்சாரு. பீளமேட்டுல 1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து கரண்டு மோட்டார் செஞ்சது மட்டும் நம்மளுக்கு ஞாபகம் இருக்குது, கிணத்து மேட்டுல மோட்டார் ஓடறதால. பள்ளிக்கூடத்துல வாத்தியார் மேல மண்ணை எறிஞ்சுட்டு வந்த ஆளுன்னு அவரைச் சொல்லுவாங்க. உன்ற இன்டர்வியூவுல அந்தப் பையன் வந்திருந்தா முதல் சுத்துலயே கழிச்சிருப்பே.

இன்னொருத்தர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். கோயமுத்தூர் மில் குடும்பம், 1892-ல பொறந்தவரு. நம்ம சித்தூரு கொச்சி ராஜ்யத்துல இருந்தப்ப, 1935-ல இருந்து 1941 வரைக்கும் அந்த ராஜ்யத்துக்கு அவருதான் திவான். அப்படிப் பார்த்தா எங்கப்பன் காலத்துல நம்மளுக்கே அவருதான் அதிகாரி. எர்ணாகுளத்துல சண்முகம் ரோடுன்னு போயிக் கண்ணாடிக் கடையில காப்பி குடிக்கறியே, அந்தச் சண்முகம் இவருதான். 1944-ல உலக வங்கிக்கு அஸ்திவாரம் போட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு இந்தியாவுல இருந்து போன குழுவுல இருந்தாரு. 1947 நவம்பர் 26-ம் தேதி சுதந்திர இந்தியாவோட முதல் பட்ஜெட்டைப் படிச்சதும் அவருதான். இத்தனைக்கும் நடுவுல சிலப்பதிகாரத்தோட புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினாரு. தமிழிசைக்குன்னு மேடையேறினாரு.

இதுல எனக்கு ஒரு சந்தோசம். நாட்டுக் கஜானாவைப் பார்க்கப்போற மனுஷன், கைமுதலைப் பூராத் தொலைச்ச ஒரு வியாபாரி வீட்டுப் பையன் கதையைத்தான் எடுத்து வெச்சு வரி வரியாப் பார்த்திருக்காரு. கோவலனை விட மோசமான முதலீட்டாளன் தமிழ்ல உண்டா? உன்ற சகபாடிங்க இந்நேரம் "கோவலனிடம் கற்க வேண்டிய ஒன்பது நிதிப் பாடங்கள்"னு எழுதியிருப்பாங்க. செட்டியார் அப்படி எழுதலே. பாட்டைப் பாட்டா எடுத்துக்கிட்டுப் பொருள் சொன்னாரு.

பொள்ளாச்சி மகாலிங்கத்தைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? உன்ற அம்மா கண்ணாலத்துக்கு ஒறம்பரை வந்து இறங்கினதே ஏபிடி பஸ்ஸுலதான். 1923-ல பொறந்தவரு, கிண்டியில இன்ஜினியரிங் படிச்சவரு, அப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் ஆரம்பிச்ச பஸ் கம்பெனியைச் சர்க்கரை ஆலை வரைக்கும் கொண்டுபோனவரு. 1952-ல இருந்து பதினஞ்சு வருஷம் பொள்ளாச்சி எம்.எல்.ஏ. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வரணும்னு தொண்டை வத்தப் பேசினாரு. மணக்கடவுல வருஷத்துக்கு 7.25 டிஎம்சி நம்ம சித்தூர்ப் பக்கத்துக்கு விடணும்னு ஒப்பந்தத்துல இருக்குதே, அதே திட்டம்தான். தண்ணிச் சண்டையை நான் இங்க இழுக்கலே. இழுத்தா விடிஞ்சு போயிரும்.

அவருக்கு இருந்த கிறுக்கைக் கேளு. வள்ளலார். ராமலிங்கர் பணி மன்றம்னு வெச்சு வருஷா வருஷம் வள்ளலார், காந்தி ரெண்டு பேருக்கும் சேர்த்து விழா எடுத்தாரு. 'ஓம் சக்தி'ன்னு பத்திரிகை நடத்தினாரு. பழைய நூலுங்க அச்சுல வர்றதுக்குச் செலவழிச்சாரு. பழைய நாகரிகங்களை ஆராயறதுக்குச் சங்கம் வெச்சுக் காலக்கணக்குப் போட்டாரு. அவரு போட்ட காலக்கணக்கைச் சரித்திரக்காரங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒத்துக்காட்டி என்ன? அதனால கரும்பு வெட்டறவனுக்குக் கூலி குறையலே, பஸ் டிரைவர் கி.மு. எத்தனாம் நூத்தாண்டுன்னு மனப்பாடம் பண்ண வேண்டியதும் இல்லே. தப்போ சரியோ, அவரு கணக்கு அவரோட நோட்டுல இருந்துச்சு. 2014-ல அக்டோபர் 2, காந்தி பொறந்த நாள், சென்னையில அதே விழாவுலதான் அந்த மனுஷன் உசுரு போச்சு. உசுரு போற அன்னைக்கும் ஆளு போர்டு மீட்டிங்குல இல்லே, பார்த்துக்கோ.

இப்ப உன்ற படிப்புக்கு வர்றேன். வருஷத்துக்கு அம்பத்திரண்டு புஸ்தகம்னு இலக்கு வெச்சிருக்கியாம். பால் சொசைட்டியில கூட இப்படிக் கணக்கு எழுத மாட்டாங்க. ஜூன் 19 பி.என். பணிக்கர் நினைவு நாளை நம்ம கேரளத்துல வாசிப்பு நாள்னு கொண்டாடறாங்களே, அந்த மனுஷன் ஊரூராப் போயி நூலகம் வெச்சாரு. எவன் எத்தனை படிச்சான்னு பட்டியல் ஒட்டினதா நான் கேள்விப்படலே. நீ போன தடவை வந்தப்ப கள்ளுக்கடை பெஞ்சுல ஓ.வி. விஜயனோட 'கசாக்கின் இதிகாசம்' தமிழ்ப் புஸ்தகத்தை வெச்சு, ஒரு குப்பியையும் பக்கத்துல வெச்சு, போட்டோ எடுத்தே. அந்தக் கதை பொறந்த தஸ்ராக்கு நம்ம ஜில்லாவுலதான் இருக்குது. கடைசியில கதாநாயகன் ரவி பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கறப்ப என்ன ஆச்சுன்னு நான் கேட்டேன். நீ என்ன சொன்னே? "அது மீண்டெழும் மனவலிமையைப் பத்தின நாவல் மாமா"ன்னே. பெஞ்சுல உட்கார்ந்திருந்த மரமேறி, படிச்சவரு அவரு, துண்டை வாயில வெச்சுக்கிட்டு வெளிய எந்திரிச்சுப் போனதை நீ பார்க்கலே. நான் பார்த்தேன்.

ஒரு புஸ்தகத்தை வாங்கினா அட்டாலியில போட்டு வையி. ஒரு வருஷம் கழிச்சு எடு. அப்பவும் கை அதுக்குப் போச்சுன்னாப் படி. படிச்சது எதையும் அந்த வாரமே எவன் தலையிலயும் இறக்காதே. முக்கியமா உன்ற பணம் வாங்கினவன் தலையில. அவன் உன்னைப் புடிக்கலேன்னாலும் புடிச்சிருக்குன்னு சொல்ல வேண்டிய எடத்துல இருக்கான். அவன் கிட்ட நல்ல பேரு வாங்கினது இலக்கிய விமர்சனத்துல சேராது.

எழுத்தும் அப்படித்தான். ஒரு கம்பெனி மூடிப்போச்சு, உன்ற பணமும் போச்சு. உடனே "இந்தத் தோல்வி எனக்குக் கற்பித்த ஏழு பாடங்கள்"னு எழுதிப்போட்டே. கைதட்டு விழுந்துச்சு. தோத்தது யாரு? அந்தப் பையன். அவன் அம்மா நகை இன்னும் கொழிஞ்சாம்பாறை அடகுக்கடையில கிடக்குது. பாடம் மட்டும் உனக்கு வந்து சேர்ந்துச்சாக்கும். தோல்வியைக் கொண்டாடணும்னு பெங்களூர்ல புதுசாக் கண்டுபிடிச்சாப்புல பேசறீங்க. நம்ம சித்தூர் பகவதி கோயில்ல கொங்கன் படைன்னு மாசியில திருவிழா நடத்தறாங்களே, அது என்ன? கொங்குநாட்டு ராஜா படையெடுத்து வந்து தோத்த கதை. செயிச்சவங்க ஊருல தோத்தவன் பேருல திருவிழா. கொங்குக்காரங்களான நாமளும் வருஷா வருஷம் போயி, வேடிக்கை பார்த்துட்டுப் பொரி வாங்கித் தின்னுட்டுத்தானே வர்றோம்? நம்மள்ல ஒருத்தனாச்சும் ஏழு பாடம் எழுதினானா?

எழுதாதேன்னு சொல்லலே. உனக்குக் கை வரும். ஏழாவது படிக்கறப்ப நம்ம ஊட்டு எருமை செத்ததுக்கு நீ எழுதின லெட்டரை என்ற தங்கச்சி இன்னும் டிரங்குப் பெட்டியில வெச்சிருக்கா. அதுல பாடம் கிடையாது, எருமை இருக்குது. அந்தக் கை இப்ப எங்க போச்சு?

யோசிச்சு ஒரு சோலி வெச்சிருக்கேன் உனக்கு. நம்ம எருத்தேன்பதியில எத்தனை திறந்த கிணறு இருக்குது, எது எந்த வருஷம் வெட்டினது, எத்தனை அடியில பாறை வந்துச்சு, யாரு யாரு எறங்கி வெட்டினாங்க, போர்வெல் வந்தப்பறம் எது எப்ப வத்துச்சு, எந்தக் கிணத்துக்கு என்ன பேரு. இதையெல்லாம் எழுதி வெச்ச காகிதம் எதையும் நான் பார்த்ததில்லே. பழைய தலையெல்லாம் ஒண்ணொண்ணாப் போய்க்கிட்டிருக்குது. இட்டேரி இட்டேரியா நடக்கணும், திண்ணை திண்ணையா உட்காரணும், கிழவிங்க சொல்றதை இடையில பேசாமக் கேட்கணும். இதை எவனும் வாங்க மாட்டான், எவனும் கைதட்ட மாட்டான், ரெண்டு மூணு வருஷம் புடிக்கும். அத்தனை காலமும் அந்த மெஷின் பையன் உசுரோட இருப்பான்.

என்ற தோட்டத்துக் கிணத்துல இருந்தே ஆரம்பிச்சுக்கோ. அதைத் தூர் வாரி ரொம்ப வருஷமாச்சு. அடியில என்ன இருக்குதுன்னு பார்க்காம நீ எப்படி அடிக்கணக்கு எழுதுவே? பங்குனி, சித்திரையில தண்ணி கீழ போனதும் ஆளு சொல்லி வெக்கறேன். வர்றப்ப பழைய வேட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா, கூலிக்குக் கொஞ்சம் பணமும் எடுத்துக்கிட்டு வா. உன்ற கணக்குப்புள்ளைகிட்ட மட்டும் அதை முதலீடுன்னு எழுத வேண்டாம்னு சொல்லிரு. அது திரும்பி வராது.